அரும்பா, மொட்டா, மலரா?

கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டில் கரும்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு சொற்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று டன், இன்னொன்று பிழிதிறன். இங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் விவசாயிக்கு எடையோடு கணக்கு முடிவதில்லை. பிழிந்தால் எவ்வளவு சர்க்கரை தேறும் என்பதும் சேர்ந்துதான் விலை. மத்திய அரசு அறிவிக்கும் ஆதார விலையே 10.25 சதவீதப் பிழிதிறனை அடிப்படையாக வைத்து நிர்ணயிக்கப்படுகிறது.

பள்ளிக்கூடத்தில் நெடுங்காலமாக நாம் எடையை மட்டும்தான் பார்த்துவந்தோம். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்கு வரி வாசிக்க வருகிறதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று ஒவ்வொருவராக உட்காரவைத்து அளந்து பார்க்கும் வழக்கம் தாமதமாகத்தான் வந்தது.

அப்படி அளந்ததில் தமிழ்நாட்டுக்கு மிகவும் முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் தமிழகக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைச் சோதித்தார்கள். கொரோனாவுக்கு முன் 2019இலேயே அதே கிராமங்களில் சோதனை நடந்திருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது. பள்ளிகள் 18 மாதங்கள் மூடிக் கிடந்த பிறகு, 2021 டிசம்பரில் பார்த்தபோது பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். மொழிப்பாடத்தில் ஏற்பட்ட இழப்பைப் போல இரு மடங்குக்கும் மேல் கணக்கில் இழப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக இழந்திருந்தார்கள்.

நல்ல செய்தி அடுத்து வந்தது. பள்ளிகள் திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று ஆய்வு கணக்கிட்டது. 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவர்கள் செய்த வேலைக்கு இந்த நாடு இன்னும் போதுமான நன்றி சொல்லவில்லை.

பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது தமிழகத்துக்குப் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளில் உருவான முறையே அதற்கு மூலம். ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்திய அம்முயற்சி சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. படம் போட்ட அட்டைகள், அவற்றை வரிசைப்படுத்தும் கற்றல் ஏணி, வரைந்ததை மாட்டிவைக்கக் கம்பிப்பந்தல். எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் இதே வழியில்தான் நடக்கிறது. முதலில் ஒரு சோதனை. பிறகு வகுப்பறைக்குள்ளேயே அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அடிப்படையே இன்னும் பிடிபடாதவர்கள் அரும்பில் தொடங்குவார்கள். நிலைக்கேற்ற பயிற்சி நூல்கள் உண்டு. கதைக்களம், பாடல் களம், செயல்பாட்டுக் களம் என்று அறைக்குள் தனித்தனி மூலைகளும் உண்டு.

பொருளை வாங்கிக் கொடுத்தாலே படிப்பு வந்துவிடாதா? கென்யாவில் 1990களில் கிராமப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துச் சோதித்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குத்தான் அதனால் பலன் கிடைத்தது. புத்தகத்தில் இருந்த ஆங்கிலம் மற்றவர்களுக்கு எட்டவில்லை. மாறாக மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் நடந்த முயற்சியில், பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. கென்ய ஆய்வில் பங்குகொண்ட மைக்கேல் கிரெமர், இந்திய ஆய்வில் பங்குகொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ மூவரும் 2019இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தப் பாடம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தும். கல்வராயன் மலையில் பிழைப்பு தேடி வெளியூர் போகும் குடும்பங்கள் பல. பெற்றோரோடு போன பிள்ளை சில மாதங்கள் கழித்துத் திரும்பும்போது வகுப்பு வெகுதூரம் போயிருக்கும். அந்தப் பிள்ளையிடம் பாடப்புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தைத் திறக்கச் சொல்வதில் பயனில்லை. விட்ட படி எது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தேவையானது ஒரு சின்னச் சோதனைத்தாளும், பொறுமையுள்ள ஆசிரியரும்தான். ஆனால் அந்த ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பதிவேடுகளும் செயலியில் ஏற்றும் வேலையும் அந்த நேரத்தைத் தின்றால், அளந்தும் பலனில்லை.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோருக்கே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கழிப்பறை, சுற்றுச்சுவரோடு இதையும் கேளுங்கள்: என் பிள்ளை இப்போது அரும்பா, மொட்டா, மலரா? போன முறை எதில் இருந்தாள்?