பச்சைக் கம்பியின் ரகசியம்

2017-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் நாஞ்சில் நாட்டைப் புரட்டிப் போட்டதல்லவா? மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்படிப் போன கரண்டு திரும்பும்போது வீட்டுக் கம்ப்யூட்டர் சில சமயம் மௌன விரதம் பூண்டுவிடும். "மதர்போர்டே போச்சு, அம்மா!" என்று யாராவது சொன்னால், உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். குற்றவாளி பவர் சப்ளைப் பெட்டியாகவும் இருக்கலாம்.

அதை மட்டும் தனியே சோதிக்க வழி உண்டு. 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி, சுவிட்சைப் போட்டாலும் பெட்டி தானாக விழிக்காது. பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்து மதர்போர்டு உத்தரவு தரவேண்டும். அந்த உத்தரவை நாமே தந்தால் என்ன?

முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியின் ஒயர்கள் அத்தனையையும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றுங்கள். 24 துளைக் கனெக்டரில் பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் காகிதக் கிளிப் ஒன்றை வளைத்துச் சொருகிக் கையை எடுத்த பிறகே கரண்டு கொடுங்கள். விசிறி சுழன்றால் உயிர் இருக்கிறது. சூடேறினால்தான் விசிறி சுற்றும் ரகங்களும் உண்டு. ஆகவே மீட்டர் வைத்துப் பார்ப்பதே நிச்சயம்: மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5. எல்லா ஒயரும் கறுப்பாயிருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பர்ஸை விட உயிர் பெரிதல்லவா?