மரக்காணத்தில் உத்தியோகம், ஜாகை எங்கே?

கல்யாணமாகாத பெண்ணுக்கு மரக்காணத்தில் உத்தியோகம். ஜாகை எங்கே பார்ப்பது? “புதுச்சேரிதான்!” என்பார்கள் சிநேகிதிகள். வாஸ்தவம், அழகான ஊர். ஆனால் தினம் போக வர எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் நசுங்கிய பின், கடற்கரையில் உலாவக் கால் வருமா? மேற்கே திண்டிவனமும் ஏறக்குறைய அதே தூரம். அங்கே ரயில் உண்டு, அவ்வளவுதான்.

என் ஓட்டு மரக்காணத்துக்கே! ஆனால் உப்பு அம்பாரங்கள் வெயிலில் பளபளக்கும் சித்திரையில் வீடு பார்க்காதீர்கள், சகோதரி. உப்பளத்தில் வேலை நின்று பாத்திகளெல்லாம் வெள்ளக்காடாகும் கார்த்திகையில் வாருங்கள். வீட்டுக்காரர் உங்களை ஆயிரம் கேட்பார்; நீங்களும் கேளுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதே, அன்று இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது? எதிர்வீட்டு அம்மாளிடமும் விசாரியுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு துளி நாக்கில் விட்டுப் பாருங்கள். கரித்தால், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே அட்வான்ஸ்!