காட்டுக்குள் 'குள்ளர் வீடு': தோண்டினால் புதையல் கிடைக்குமா?

கொடைக்கானல்:

கொடைக்கானலுக்கு போகிறவர்கள் ஏரியில் படகு சவாரி முடித்து, மக்காச்சோளம் தின்றுவிட்டு திரும்பி விடுகிறார்கள். தாண்டிக்குடி, பேத்துப்பாறை பகுதிகளில் உள்ள கல் வீடுகளை பார்த்தவர்கள் குறைவு. பலகைக் கற்களை சுவர் போல நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடி வைத்திருப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு இது 'குள்ளர் வீடு' அல்லது 'பாண்டவர் வீடு'. ஆய்வாளர்கள் சொல்லும் பெயர் கல்திட்டை.

குள்ளரும் இல்லை, பாண்டவரும் இல்லை. சுமார் 2 ஆயிரம் ஆண்டுக்கு முன்பு மலையில் வாழ்ந்தவர்கள் செத்தவங்களுக்காக எழுப்பிய ஈமச்சின்னம்தான் இது. ஆங்கிலேட், நியூட்டன் என்ற 2 பாதிரியார்கள் பழனிமலை முழுக்க அலைந்து இவற்றை ஆராய்ந்தனர். அதை 1928-ல் மத்திய தொல்லியல் துறை புத்தகமாகவே வெளியிட்டது.

புதையல் ஆசை

'கல்லுக்கு அடியில் தங்கம் இருக்கு' என்ற பேச்சுதான் இவற்றுக்கு முதல் எமன். ராத்திரியில் கடப்பாரையோடு போய் மூடுகல்லை புரட்டினால் பெரும்பாலும் கிடைப்பது உடைந்த பானை, துருப்பிடித்த இரும்பு, எலும்புத் துண்டு, சில கல்மணிகள். விற்றால் டீ செலவுக்கு கூட தேறாது. ஆனால் எந்த பானை எந்த மண் அடுக்கில், எதற்கு பக்கத்தில் இருந்தது என்பதை வைத்துத்தான் காலத்தை கணிக்க முடியும். ஒருமுறை கிளறிவிட்டால் அந்த கணக்கு போச்சு. மண்ணை திரும்ப போட்டு மூடினாலும் வராது.

மரமும் எந்திரமும்

திருடனை விட சத்தமில்லாமல் நாசம் செய்வது மரவேர். கடந்த நூற்றாண்டில் மலையில் யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள் ஏராளமாக நடப்பட்டன. கல் இடுக்கில் முளைத்தால் வேர் பருத்து பலகைக் கல்லை நெம்பி விடும். அதற்காக மரத்தை வேரோடு பிடுங்கினால் கல்லும் சேர்ந்து சாயும். அடியோடு அறுத்து, கட்டையை அப்படியே மக்க விடுவதே சரி. வெட்டிய மரத்தை திட்டை மேல் சாய்க்கவோ, அந்த வழியாக லாரி, ஜே.சி.பி.யை விடவோ கூடாது.

கன்று நட குழி, யானை அகழி, தீத்தடுப்பு கோடு எல்லாமே காட்டுக்கு தேவைதான். எங்கே கல்திட்டை இருக்கிறது என்று வனத்துறை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால் 20 அடி தள்ளி தோண்டி விடலாம். குறிக்காவிட்டால் எந்திரம் ஓட்டுபவருக்கு அது வெறும் பாறை. அவரை குறை சொல்லி என்ன பயன்? அடையாள பெயிண்ட்டையும் பக்கத்து மரத்தில் அடிக்க வேண்டும், கல்லில் அல்ல.

கோடை காட்டுத்தீயும் சும்மா விடாது. சூட்டில் கல் பட்டை பட்டையாக வெடிக்கும். மழைக்கு ஒதுங்கி திட்டைக்குள் அடுப்பு மூட்டினாலும் இதே கதிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தை சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பட்டியலில் சேராத கல்திட்டைகள் ஏராளம். ஆனாலும் காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தோண்டுவதும் கல் எடுப்பதும் வனச்சட்டப்படி குற்றமே. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணுக்கு அடியில் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயை தாண்டினாலே கலெக்டருக்கு தெரிவிக்க வேண்டும்.

விறகு பொறுக்கவோ, மாடு மேய்க்கவோ போகிறவர்கள் புதிதாக தோண்டிய மண்ணை பார்த்தால் எதையும் தொடாமல் வனத்துறை ரேஞ்சர் ஆபீசிலோ, கிராம நிர்வாக அதிகாரியிடமோ சொன்னால் போதும். சிதறிய பானை ஓட்டை பொறுக்கி வீட்டுக்கு கொண்டு வர வேண்டாம்.