மூணு கிரெடிட்டுக்கு ஒரு போர்: வியட்நாம் தேர்வுக்கு எப்படிப் படிக்கிறது?

இன்னைக்கு எபிசோடு ஒரு பரீட்சையைப் பத்தி. அமெரிக்காவுல டிஎஸ்எஸ்டி-னு ஒரு தேர்வு வரிசை இருக்கு. காலேஜ்ல ஒரு செமஸ்டர் உட்கார்ந்து கேட்க வேண்டிய பாடத்தை வீட்டுலயே படிச்சு, ஒரே ஒரு தேர்வு எழுதி பாஸ் பண்ணிட்டா, அதை ஏத்துக்கிற கல்லூரிகள் அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டைக் கொடுத்துடும். அதுல ஒரு தாள்தான் 'வியட்நாம் போரின் வரலாறு'. சுமார் 100 கேள்வி, எல்லாமே நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற வகை, ரெண்டு மணி நேரம். 200-ல இருந்து 500 வரைக்கும் போற அளவுகோல்ல 400 வந்தா பாஸ். கிடைக்கிறது 3 கிரெடிட்.

இதுல எனக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. என் சித்தி பொண்ணு ஹூஸ்டன்ல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல படிக்கிறா. சாயங்காலம் ஒரு மளிகைக் கடையில வேலை. ஒரு பாடத்துக்கான ஃபீஸ் மிச்சமானா அவளுக்கு அது ஒரு மாச வாடகையில நல்ல பங்கு. "அண்ணா, நீ தான் பாட்காஸ்ட்ல மணிக்கணக்கா பேசறியே, எனக்கும் கொஞ்சம் பேசேன்"னா. ஆறு வாரமா ஞாயித்துக்கிழமை காலையில நானும் அவளும் போன்ல வியட்நாம் படிச்சுக்கிட்டு இருக்கோம்.

முதல் வேலை புத்தகம் இல்ல, ஈமெயில். இந்தத் தேர்வை உங்க காலேஜ் ஏத்துக்குதா, எந்தப் பாடத்துக்குப் பதிலா ஏத்துக்குதுன்னு ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல எழுத்துல வாங்கிக்கணும். கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து பெரிய யூனிவர்சிட்டிக்கு மாறப் போறீங்கன்னா அங்கேயும் கேட்கணும். இவங்க ஏத்துக்கிட்டதை அவங்களும் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. அடுத்து, தேர்வு நடத்துறவங்களே வெளியிடுற பாடத்திட்டத் தாளை எடுங்க. எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம்னு அதுல போட்டிருக்கும். உங்க நேரத்தையும் அதே மாதிரி பிரிச்சா போதும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். தங்கச்சி முதல் வாரம் ஒரு நோட்டு நிறைய தேதி எழுதி வெச்சிருந்தா. தேதி தப்பு இல்ல. ஆனா இந்த மாதிரி தேர்வுல உங்களைக் கவுக்கிறது தேதி இல்ல, நம்பும்படியா இருக்கிற தப்பான விடை. எங்க வேலையில சர்வர் விழுந்துச்சுன்னா மறுநாள் ஒரு ரிப்போர்ட் எழுதுவோம். 'எத்தனை மணிக்கு விழுந்துச்சு' அதுல ஒரு வரிதான். மீதி எல்லாம், அந்த நிமிஷத்துல யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, அதை வெச்சு என்ன முடிவெடுத்தாங்க என்பதுதான். வியட்நாமை அப்படிப் படிச்சா தப்பான விடைகள் தானா உதிருது.

1954 ஜெனீவா ஒப்பந்தத்தை எடுத்துக்கோங்க. மே 7-ஆம் தேதி தியென் பியென் ஃபூவுல பிரெஞ்சுப் படை விழுந்தாச்சு. ஜூலையில ஒப்பந்தம். 17-ஆவது அட்சரேகையில ஒரு கோடு. நாலு பேரைக் கேட்டா மூணு பேர், 'வடக்கு வியட்நாம், தெற்கு வியட்நாம்னு ரெண்டு நாடா பிரிச்சாங்க'ன்னு சொல்வாங்க. ஒப்பந்தத்தின்படி அது தற்காலிக ராணுவக் கோடு மட்டும்தான், நாட்டு எல்லை இல்ல. 1956 ஜூலையில நாடு முழுக்க ஒரே தேர்தல் நடக்கணும். தெற்கே ஆட்சிக்கு வந்த தியெம் அதை நடத்த மறுத்தார், அமெரிக்கா அவர் பக்கம் நின்னுச்சு. தேர்தல் நடந்தா ஹோ சி மின் ஜெயிச்சுடுவார்ங்கிற பயம்தான் காரணம். அதுக்கப்புறம் வர்ற இருபது வருஷ ரத்தத்தையும் இந்த நடக்காத தேர்தல்ல இருந்து பின்தொடர்ந்து போகலாம்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. அந்த ஒப்பந்தத்தை மேற்பார்வை பார்க்க மூணு நாடு சேர்ந்த ஒரு சர்வதேசக் குழு போட்டாங்க: கனடா, போலந்து, அப்புறம் நம்ம இந்தியா. தலைமை இந்தியாவுக்கு. நான் ஸ்கூல்ல படிச்ச வரலாற்றுப் புத்தகத்துல இது இருந்ததா ஞாபகமே இல்ல. தேர்வுல வருமோ வராதோ, சொல்லிடணும்னு தோணுச்சு.

அடுத்த தொல்லை, பெயர்கள். வியட் மின், வியட் காங், வட வியட்நாம் ராணுவம், இந்த மூணையும் ஒண்ணாக் குழப்பிக்காதீங்க. வியட் மின் 1941-ல ஹோ சி மின் தொடங்கினது, பிரெஞ்சுக்காரங்களோட சண்டை போட்டது. வியட் காங் என்பது தெற்கே இருந்த தேசிய விடுதலை முன்னணியின் போராளிகளுக்கு எதிரிகள் வெச்ச பேரு; அந்த முன்னணி தொடங்கினது 1960 டிசம்பர்ல. மூணாவது, ஹனோய் அரசாங்கத்தோட முறையான ராணுவம். 1954-ஐப் பத்தின கேள்வியில வியட் காங்னு ஒரு விடை இருந்தா, பார்த்த உடனே அடிச்சிடலாம்.

1964 ஆகஸ்ட் தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பிடிச்சதுன்னு சொல்லக் கூடாது, ஆனா உங்களுக்குப் புரியும். டோங்கின் வளைகுடாவுல ஆகஸ்ட் 2-ஆம் தேதி மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. இது நிஜம். ஆகஸ்ட் 4-ஆம் தேதி ராத்திரி ரெண்டாவது தாக்குதல் நடந்ததா செய்தி. அது நடக்கவே இல்ல. மோசமான வானிலையில ரேடாரும் சோனாரும் காட்டின குழப்பமா இருக்கலாம்னு களத்துல இருந்த கமாண்டரே அன்னைக்கே தகவல் அனுப்பினார். ஆனா வாஷிங்டன்ல வண்டி கிளம்பிடுச்சு. ஆகஸ்ட் 7-ஆம் தேதி தீர்மானம்: பிரதிநிதிகள் சபையில 416-0, செனட்ல 88-2. போர்ப் பிரகடனம் இல்லாமலே போர் நடத்த ஜான்சன் கைக்கு அதிகாரம் வந்துடுச்சு. அடுத்த மார்ச்ல டா நாங் கடற்கரையில மரீன் படை இறங்கியாச்சு. 'அமெரிக்கக் காங்கிரஸ் போர் அறிவிச்சது எப்போ'ன்னு யாராவது கேட்டா, அறிவிக்கவே இல்லங்கிறதுதான் பதில்.

டெட் தாக்குதலுக்கு மாதிரிக் கேள்வி ஒண்ணு நானே எழுதி அவளுக்கு அனுப்பினேன். 1968 டெட் தாக்குதலோட முக்கிய விளைவு எது? தெற்கு அரசாங்கம் கவிழ்ந்ததா, கம்யூனிஸ்டுகள் நகரங்களைப் பிடிச்சு வெச்சுக்கிட்டதா, அமெரிக்க மக்களோட நம்பிக்கை உடைஞ்சதா, உடனே சமாதான ஒப்பந்தம் வந்ததா? அவ ரெண்டாவதைப் போட்டா. ஜனவரி கடைசியில நூத்துக்கும் மேற்பட்ட ஊர்கள்ல ஒரே நேரத்துல தாக்கினாங்க, சைகோன்ல அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே புகுந்தாங்க. ஆனா ராணுவக் கணக்குல அது தாக்கினவங்களுக்குத் தோல்வி. ஹ்யூவுல சில வாரம் நின்னதைத் தவிர எந்தப் பெரிய நகரமும் கையில நிக்கல, இழப்பும் பயங்கரம். அப்போ ஏன் அது திருப்புமுனை? ரெண்டு மாசம் முன்னாடிதான் தளபதி வெஸ்ட்மோர்லாண்ட், முடிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிருச்சுங்கிற மாதிரி பேசியிருந்தார். அந்தப் பேச்சையும் தூதரகத்துல நடந்த சண்டையையும் ஜனங்க ஒரே டிவியில பார்த்தாங்க. மார்ச் 31-ஆம் தேதி ஜான்சன் மறுபடி தேர்தல்ல நிக்கலைன்னு சொல்லிட்டார்.

இதைச் சொன்னதும் அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அண்ணா, கடையில என்கூட வேலை பார்க்கிற பொண்ணோட தாத்தா தெற்கு ராணுவத்துல இருந்தவராம். ஏப்ரல் 30 வந்தா அவங்க வீட்டுல யாரும் சிரிக்க மாட்டாங்களாம்"னா. 1975 ஏப்ரல் 30, சைகோன் விழுந்த நாள். ஹூஸ்டன்ல வியட்நாமியக் குடும்பங்கள் நிறைய. புலம்பெயர்ந்தவங்க அந்த மாசத்துக்கு வெச்சிருக்கிற பேரு கறுப்பு ஏப்ரல். வியட்நாம்ல அதே நாள் தேசிய விடுமுறை, வெற்றி விழா. அங்கே இந்தப் போருக்குப் பேரே அமெரிக்கப் போர். வாஷிங்டன் நினைவுச் சுவர்ல 58,000-க்கும் மேற்பட்ட பேர்கள் இருக்கு. 1995-ல ஹனோய் சொன்ன கணக்கு, ரெண்டு பக்கமும் சேர்த்து பொதுமக்கள் 20 லட்சம், தன் தரப்புப் போராளிகள் 11 லட்சம்.

தேர்வு அமெரிக்காவோடது. டிஎஸ்எஸ்டி-யே அமெரிக்க ராணுவத்துல இருக்கிறவங்களுக்காகத் தொடங்கினதுதான், பிறகு எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அதனால பாடத்திட்டத்துல ஜான்சன், நிக்சன், உள்நாட்டுப் போராட்டம் எல்லாம் பெரிசா வரும். ஒரு வியட்நாமிய விவசாயி சின்னதாத்தான் வருவார். இதைத் தெரிஞ்சு எழுதுறது தேர்வுக்கும் உதவும். ஒரு விடையில தடுமாறும்போது, 'வாஷிங்டன்ல இருந்து பார்த்தா இது எப்படித் தெரிஞ்சிருக்கும்?'னு கேட்டுப் பாருங்க.

கடைசி வாரத்துக்கு ஒரு வேலை சொல்லியிருக்கேன். வெள்ளைத் தாள்ல 1945, 1954, 1963, 1964, 1968, 1973, 1975-னு ஏழு வருஷம் மட்டும் எழுதணும். ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு ஏன் போச்சுன்னு சத்தமா சொல்லணும், யாராவது கேட்டுக்கிட்டு இருக்கணும். அவ 1963-ல இருந்து 1964-க்குப் போற இடத்துல இன்னும் திணறுறா. தியெம் கொல்லப்பட்டு இருபதே நாள்ல கென்னடியும் கொல்லப்பட்டார், ரெண்டு நாட்டுலயும் தலைமை மாறிப் போச்சுன்னு இந்த ஞாயிறு மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்க்கணும்.

உங்க காலேஜ்ல இந்த மாதிரி தேர்வை எந்தப் பாடத்துக்கு ஏத்துக்கிறாங்கன்னு தெரிஞ்சவங்க எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறோம்.