கேத்தியிலே வீடு வாங்கப் போகிறீர்களா?

சித்திரை வெயில் கொளுத்துகிறது. கோயம்புத்தூரிலே மின்விசிறிக் காற்றுகூட அனலாக அடிக்கிறது. குடும்பத்தோடு மலை ரயில் ஏறுகிறார்கள். குன்னூர், வெலிங்டன், அரவங்காடு எல்லாம் தாண்டி வண்டி கேத்தி நிலையத்தில் நிற்கிறது. கீழே எட்டிப் பார்த்தால் பச்சைப் பள்ளத்தாக்கு! படிக்கட்டு வெட்டியது போலத் தோட்டங்கள். காரட்டும் முட்டைக்கோசும் வரிசை பிடித்து நிற்கின்றன. நடுநடுவே சின்னச் சின்ன வீடுகள்.

“இங்கே நமக்கு ஐந்து சென்ட் இருந்தால் போதும்” என்கிறார் மனைவி.

“பார்க்கலாம்” என்கிறார் கணவர்.

மறுநாள் எல்லநள்ளியில் ஒரு தரகர் கிடைக்கிறார். “சார், இந்த விலைக்கு இனிமேல் கிடைக்காது. நாளைக்கே வேறு பார்ட்டி வருகிறது” என்கிறார். மூன்றாம் நாள் முன்பணம் கை மாறுகிறது.

கேத்தியிலே இடம் வாங்குகிறவர்களில் பலர் இப்படித்தான் வாங்குகிறார்கள். பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்து மயங்காதவர் யார்? ஆனால் அழகுக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மண்ணுக்குள்ளே. இன்னொன்று பட்டாவுக்குள்ளே. இரண்டுமே சித்திரை, வைகாசியில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

ஒரே நாளில் ஒரு வருஷ மழை

முதலில் மண்ணைப் பார்ப்போம்.

2009-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி காலையில் கேத்தியில் மழை அளந்தார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது 820 மில்லி மீட்டர்! கோயம்புத்தூருக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட இது அதிகம். அந்த நாட்களில் நீலகிரியில் மலைச் சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. 40-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. தூங்கிக்கொண்டிருந்த வீடுகள் மேலேயே மண் வந்து விழுந்தது.

இது முதல் தடவையும் அல்ல. 1978-லும் 1979-லும் இதே நவம்பர் மாதத்தில் நீலகிரியில் நிலச்சரிவுகள் வந்தன. 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை சரிந்து, வாகனங்களையும் மனிதர்களையும் அடித்துக்கொண்டு போயிற்று.

ஏன் எப்போதும் நவம்பர்? தென்மேற்குப் பருவ மழையைக் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். இந்தப் பகுதியில் பாறைக்கு மேலே கனமான மண் போர்வை இருக்கிறது. அது தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் பிடிப்பு விட்டுப் போகிறது. அந்தச் சரிவின் அடியை வெட்டி, சமதளமாக்கி, வீடு கட்டியிருந்தால் கேட்க வேண்டுமா?

ஆகவே, கேத்தியிலே இடம் வாங்க நினைப்பவர்கள் நவம்பரில் ஒரு தடவை வந்து பாருங்கள். குடை பிடித்துக்கொண்டு அந்த மனையில் நில்லுங்கள். மேலேயிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே போகிறது என்று கவனியுங்கள். ஓடை ஓடிய இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, ‘மனை’ என்று பெயர் வைத்திருந்தால் மழையிலே தெரிந்துவிடும். தரகர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மழையை நிறுத்த முடியாதே!

கட்டிய வீடு என்றால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண் சுவர் இருக்கிறதா? தடுப்புச் சுவர் கட்டியிருந்தால், அதில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா? ஓட்டை இல்லாத தடுப்புச் சுவர் அணையாக மாறிவிடும். சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? தரையிலே வளைவாக வெடிப்பு ஓடுகிறதா? இவை எல்லாம் மண் நகர்கிறது என்பதற்கு அடையாளங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும்.

நீலகிரியில் 283 இடங்களை அபாயமான இடங்கள் என்று மாவட்ட நிர்வாகம் பட்டியல் போட்டிருக்கிறது. நீங்கள் வாங்கும் இடம் அந்தப் பட்டியலில் உள்ள பகுதியில் இருக்கிறதா என்று வருவாய்த் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கேளுங்கள். “2009-ல் இங்கே என்ன ஆயிற்று அம்மா?” என்று கேட்டால் போதும். சொல்லிவிடுவார்.

பனியையும் மறந்துவிடக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும்போது, குளிர்ந்த காற்று பள்ளத்தின் அடியில் போய்த் தேங்கும். அடிவாரத்து மனை மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காலை வெயில் எந்தச் சரிவில் முதலில் விழுகிறதோ அங்கே வீடு உலர்ந்திருக்கும். வெயில் படாத வீட்டிலே துணி காயாது. சுவரிலே பூஞ்சை பிடிக்கும்.

ஏக்கர் ஒரு ரூபாய்!

இனி, பட்டாவுக்குள்ளே ஒளிந்திருப்பதைப் பார்ப்போம்.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியிலே தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்கு நிலம் வாங்கினார் என்று சொல்வார்கள். கேத்தியும் அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. சென்னை கவர்னர் லஷிங்டன் 1830-ல் இங்கே சர்க்கார் பரிசோதனைப் பண்ணை ஒன்றை ஏற்படுத்தினார். பண்ணை நீடிக்கவில்லை. பிறகு வந்த கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபு அந்த இடத்திலே மாளிகை அமைத்தார். அது கைமாறி, காசமேஜர் என்ற ஓய்வு பெற்ற அதிகாரியிடம் வந்தது. 1849-ல் அவர் இறக்கும்போது சொத்தைப் பாசல் மிஷனுக்கு எழுதி வைத்துவிட்டார்.

இருபது ஆண்டுக்குள்ளே இத்தனை கை! வெள்ளைக்காரர் சொத்துக்கு ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் இருந்தது. ஆனால் பள்ளத்தாக்கின் உழவர்களான படகர்களின் நிலம் அப்படி அல்ல. அது தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள்ளேயே இறங்கி வந்தது. பாட்டனார் பெயரிலே பட்டா இருக்கும். “மேல்காடு உனக்கு, கீழ்க்காடு தம்பிக்கு” என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாய்ச்சொல்லாகப் பாகம் பிரிந்திருக்கும். அவரவர் பங்கில் தேயிலை பறித்துக்கொண்டு சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தார்கள். விற்காதவரைக்கும் அது போதும். விற்கும்போதுதான் வருகிறது தொல்லை!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டனாருக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். மூன்று மகன்களும் காலமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மனைவியும் மூன்று மக்களும் இருக்கிறார்கள் என்றால் பன்னிரண்டு பேர். அத்தைமார் இரண்டு பேர். ஆக, பதினான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். உங்களிடம் பேசுகிறவரோ ஒருவர்! “மற்றவர்கள் எல்லாம் நம்ம பேச்சைத் தட்ட மாட்டார்கள், சார்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நம்பிக்கை அது. ஆனால் கோர்ட்டிலே நம்பிக்கை சாட்சி ஆகாது.

“மகளுக்கு ஏது பங்கு?” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலே 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்துவிட்டது. அப்போது கல்யாணம் ஆகியிருந்தவர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். 2005-ல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தபோது அந்த விலக்கும் போயிற்று. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது அவசியமில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப் பிரிவினையை இது தொடாது. வாய்ச்சொல் பாகத்தை நிரூபிப்பது லேசான காரியம் அல்ல. எனவே, கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்ட அக்கா, தங்கை, அத்தை எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள். இதைக் கேட்பது அநாகரிகம் என்று நினைக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். பதியாத உயில் வராது. வாய்ச்சொல் பாகம் வராது. பதிவு செய்யாத முன்பண ஒப்பந்தம் வராது. வீட்டு வரி ரசீதும் மின்சாரக் கட்டண ரசீதும் குடியிருப்பைக் காட்டுமே தவிர, பாத்தியதையைக் காட்டாது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராயும் அதிகாரம் பதிவு அதிகாரிக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வக்கீல் பார்க்க வேண்டிய காரியம் அது. மூலப் பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், வாரிசுச் சான்று, புல வரைபடம் இவற்றோடு உள்ளூர் வக்கீலிடம் போங்கள். நீலகிரி நிலத்தைப் பார்த்துப் பழகிய வக்கீலாக இருந்தால் நல்லது.

கட்டலாமா?

வாங்கிய இடத்தில் இஷ்டம் போலக் கட்ட மலை நாட்டிலே அனுமதி இல்லை. ‘ஹாகா’ என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் ஏற்பட்டது. 1993-ல் வந்த கட்டட விதிகள் 7 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்று வரம்பு கட்டின. சரிவைப் பொறுத்துச் சுரங்கத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, வனத் துறை என்று பல இடங்களில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டி வரும். மண் தோண்டும் பெரிய இயந்திரத்தைக் கொண்டுவருவதற்கே அனுமதி வேண்டும். பேரூராட்சி அலுவலகத்தில் இன்றைய விதி என்ன என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.

தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்களா? அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்கு 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு வரன்முறைத் திட்டங்கள் வந்தன. எல்லா மனைக்கும் அவை பொருந்தவில்லை.

“ரிசார்ட் கட்டி வாடகைக்கு விடலாம்” என்று கணக்குப் போடுகிறவர்கள், மலைக்கு அந்தப் பக்கம் சீகூர் பீடபூமியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே யானை வழித்தடத்தில் இருந்த 11 ஓட்டல், விடுதிகளை மூடும்படி 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பும் வந்தது. பணம் போட்டு வாங்கியவர்கள், கட்டியவர்கள், கைப்பிசைந்து நின்றார்கள். கேத்தியில் அந்த வழித்தடம் இல்லைதான். ஆனால் ஊட்டிக்கு வரும் வாகனங்களுக்கே 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. பயணிகளை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

செலவு எவ்வளவு?

முத்திரைத் தீர்வை 5 சதவீதம், சொத்து மாற்று வரி 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தது 2023-ல். 30 லட்சம் ரூபாய்ச் சொத்து என்றால் இந்தச் செலவு மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம்! 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரல் முதல் உண்டு. சிறு மனை வாங்குகிறவர்கள் மனைவி பெயரில் வாங்கலாமே!

விற்பவர்களுக்கு

விற்கிறவர்கள் எல்லோரும் பணத்தாசை பிடித்தவர்கள் அல்ல. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. அன்று முதல் சிறு தேயிலை விவசாயிக்குச் சோதனைதான். பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் நிலத்தை விற்கிறார்கள். அப்படி விற்கிறவர்கள் அவசரத்தினாலே விலையை இழக்கிறார்கள்.

விற்பதற்கு ஆறு மாதம் முன்பே குடும்பத்தைக் கூட்டுங்கள். பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். சர்வேயரைக் கொண்டு அளந்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்குங்கள். கூட்டுப் பட்டா நிலத்துக்குத் தரகர் கேட்கும் விலை வேறு. தனிப் பட்டாவுக்குக் கிடைக்கும் விலை வேறு. இந்தச் செலவைச் செலவாக நினைக்க வேண்டாம்.

முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் வரும். வங்கி வழியாக வாங்குங்கள். ‘பொது அதிகாரப் பத்திரம் மட்டும் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று யாராவது சொன்னால், முழுப் பணமும் கையில் வருகிறவரை கையெழுத்துப் போட வேண்டாம்.

வழித்தடத்தைப் பற்றியும் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். மேல்காட்டை விற்றுவிட்டு, கீழ்க்காட்டுக்குப் போக வழியில்லாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. ஊற்றுத் தண்ணீர் யாருக்கு, குழாய் எந்தப் பக்கமாகப் போகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரங்களை “விற்பதற்கு முன் வெட்டி எடுத்துக்கொள்கிறேன்” என்று பலர் நினைக்கிறார்கள். மலைப் பகுதியில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955-லேயே சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்காமல் கோடாரியை எடுக்காதீர்கள். மரம் யாருக்கு என்பதையும் கிரய ஒப்பந்தத்திலே முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.