தலையா, கப்பலா? ரோமானியக் காசுகளில் ஏறிய கதைகள் தெரியுமா?

நாம் 'பூவா, தலையா?' என்று காசைச் சுண்டுகிறோமே, ரோமாபுரிச் சிறுவர்களும் அப்படியே சுண்டினார்கள் தெரியுமா? அவர்கள் கேட்டது 'தலையா, கப்பலா?' என்று! அவர்களுடைய வெண்கலக் காசின் ஒரு பக்கம் ஜேனஸ் கடவுளின் தலை, மறுபக்கம் கப்பலின் முகப்பு. அந்தத் தலையும் லேசுப்பட்டதல்ல. ஒரே கழுத்தில் முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம்! வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய தெய்வம் அவர். வருகிறவரையும் போகிறவரையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ரோமானியக் காசு என்றாலே மன்னர் முகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உயிரோடிருக்கும் ஒருவரின் முகம் ரோம் நகரக் காசில் முதன்முதலில் ஏறியது கி.மு. 44-இல்தான், அதுவும் ஜூலியஸ் சீசருக்கு! அதே ஆண்டு மார்ச் 15 அன்று அவர் குத்திக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பு காசெல்லாம் கடவுளருக்கும் முன்னோருக்கும் சொந்தம். ஆண்டுதோறும் நாணயச்சாலைப் பொறுப்பு பெரும்பாலும் மூன்று இளைஞர்களிடம் தரப்பட்டது. அரசியலில் அப்போதுதான் காலடி வைப்பவர்கள், நாளைக்குத் தேர்தலில் வாக்குக் கேட்கப் போகிறவர்கள். எங்கள் வம்சம் எது தெரியுமா என்று ஊர் முழுக்கச் சொல்ல இதைவிட நல்ல வழி ஏது? காசில் புராணம் புகுந்து விளையாடியது இப்படித்தான்!

கி.மு. 82-இல் காயஸ் மாமிலியஸ் லிமெட்டானஸ் வெளியிட்ட வெள்ளி தினாரியஸைப் பாருங்கள். நம் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதில்லை. அதற்குள் ஒரு மனிதன், கையில் கோல், தலையில் கூம்புத் தொப்பி. அவன் எதிரே ஒரு நாய், முகத்தை நிமிர்த்தி அவனையே பார்க்கிறது. கிரேக்க வீரன் யுலிசீஸும் அவன் வளர்த்த நாய் ஆர்கோஸும்! பத்தாண்டு டிராய்ப் போர், பத்தாண்டு கடலில் அலைச்சல், கடைசியில் பிச்சைக்கார வேடத்தில் சொந்த ஊருக்கு வருகிறான். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. குப்பைமேட்டில் கிடந்த கிழநாய்க்கு மட்டும் தெரிந்தது. வாலை ஆட்டியது, காதைத் தொங்கவிட்டது, உயிரை விட்டது. பண்டைய உலகின் காசுகளில் இவ்வளவு மனதை உருக்கும் காசு வேறில்லை என்பேன்!

இந்தக் கதை ஏன் அந்தக் காசில்? மாமிலியஸ் குடும்பம், யுலிசீஸுக்கும் மாயக்காரி சர்சிக்கும் பிறந்த டெலிகோனஸின் வழிவந்தோம் என்று சொல்லிக்கொண்டது. காசின் முன்பக்கம் இருக்கும் மெர்க்குரி கடவுளும் உறவுக்காரர்தான், யுலிசீஸின் கொள்ளுத்தாத்தா! அந்த டெலிகோனஸ் யார் தெரியுமா? தந்தையைத் தேடி வந்து, ஆள் தெரியாமல், திருக்கை மீனின் முள் பொருத்திய ஈட்டியால் அவரையே கொன்றவன். அப்படிப்பட்டவனைப் பெருமையோடு குலமுதல்வன் என்று சொல்லியிருக்கிறார்கள்!

கி.மு. 89-இன் காசு ஒன்று நடுங்க வைக்கும். டார்பியா என்ற பெண் இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறாள். இடுப்புவரை கேடயங்கள் குவிந்து கிடக்கின்றன. இருபுறமும் வீரர்கள் இன்னும் எறியப் போகிறார்கள். ரோமின் கோட்டையை எதிரிகளான சபைன் படைக்குத் திறந்துவிட்டவள் அவள். கூலியாக அவள் கேட்டது, 'உங்கள் இடக்கையில் இருப்பதைத் தாருங்கள்' என்று. அவள் மனதில் இருந்தது தங்கக் காப்பு. அவர்கள் இடக்கையில் கேடயமும் இருந்ததே! அதையும் வீசினார்கள், நசுங்கிச் செத்தாள். இந்தக் காசை வெளியிட்டவர் பெயர் டிட்டூரியஸ் சபைனஸ். தம் குலம் சபைன் குலம் என்று முன்பக்கத்திலேயே சபைன் அரசன் டேஷியஸின் தலையைப் பொறித்துவிட்டார்.

சீசர் மட்டும் சும்மா இருப்பாரா? எரியும் டிராய் நகரிலிருந்து கிழத் தந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு டிராய் வீரன் ஈனியஸ் வெளியேறும் காட்சியை அச்சிட்டார். மறுபக்கம் ஈனியஸின் தாய் வீனஸ். ஈனியஸ் வழிவந்த எங்களுக்கு வீனஸ் பாட்டி என்பதே அவர் சொல்ல வந்தது. பேரரசன் கொமோடஸ் இன்னும் ஒரு படி மேலே போய், சிங்கத்தோலைத் தலையில் போர்த்தி ஹெர்குலிஸாகவே காசில் தோன்றினான். கி.பி. 192-இன் கடைசி நாளில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

ரோமைத் தாண்டிப் போனால் வியப்பு இன்னும் கூடுகிறது! எகிப்தின் பழைய நாட்காட்டியில் ஆண்டுக்குச் சரியாக 365 நாள். லீப் நாள் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் என்று விலகி, 1460 ஆண்டுகள் கழித்துத்தான் சிரியஸ் விண்மீன் வைகறையில் எழும் நாளும் புத்தாண்டு நாளும் மறுபடி ஒன்று சேரும். கி.பி. 139-இல் சேர்ந்தன! பேரரசன் அந்தோனினஸ் பயஸ் ஆட்சியில் அலெக்சாண்டிரியா நாணயச்சாலை அப்போது பொறித்தது, சாம்பலிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் பீனிக்ஸ் பறவையை.

இன்றைய துருக்கியில் இருந்த அபமேயா நகரத்துக் காசில், பெருவெள்ளத்தில் பேழையேறித் தப்பிய நோவாவே இருக்கிறார் தெரியுமா? பேரரசன் செப்டிமியஸ் செவரஸ் காலத்தது. ஒரு பெட்டிக்குள் கணவனும் மனைவியும், மூடியில் ஒரு பறவை, கிளையைக் கவ்விப் பறந்து வரும் இன்னொரு பறவை. பக்கத்திலேயே அதே இருவரும் கரையேறிக் கையுயர்த்தி நிற்கிறார்கள். பேழையின் மேல் கிரேக்க எழுத்தில் பெயரே பொறித்திருக்கிறது! பேழை ஒதுங்கிய மலை எங்கள் பக்கத்து மலைதான் என்ற நம்பிக்கை அந்த வட்டாரத்தில் இருந்தது. அதனால்தான் ரோமப் பேரரசன் தலையின் பின்னால் விவிலியக் கதை ஒன்று இடம் பிடித்தது.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் என்று நினைக்காதீர்கள். மிளகுக்கும் முத்துக்கும் விலையாக வந்த ரோமானியக் காசுகள் கரூர், வெள்ளலூர் என்று நம் மண்ணில் குவியலாகக் கிடைத்தவை. அவற்றில் அடிக்கடி கிடைக்கும் ஒன்று பேரரசன் டைபீரியஸின் தினாரியஸ். அதன் பின்பக்கம் செங்கோலோடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அமைதித் தெய்வத்தின் கோலத்தில் அரசனின் தாய் லிவியா என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இயேசுவிடம் வரி பற்றிக் கேட்டவர்கள் காட்டிய காசு இதுவே என்று சேகரிப்பாளர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்! 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. இனி இது காசாகச் செல்லாது, எடைக்கு எடை பொன் மட்டுமே என்பதற்கான அடையாளம் என்று பலர் கருதுகிறார்கள்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நம் ஊர்ப் புதையல்களின் ரோமானியக் காசுகள் நிறைய இருக்கின்றன. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மன்னர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே உள்ளவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்!