தூக்கிப் போடாதீங்க – 11: முதலில் மூடியைப் பாருங்கள்

நவராத்திரி நெருங்குகிறது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு என்ன வைத்துக் கொடுப்பது என்ற கேள்வி வருஷா வருஷம் வரும். பதிலாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வரும். அதே டப்பா நாலு வீடு சுற்றி அடுத்த கொலுவில் நம் கைக்கே திரும்பினாலும் ஆச்சரியமில்லை. போன வாரம் பழைய புடவையில் தாம்பூலப் பை தைத்தோம். இந்த வாரம் அதற்குள் வைக்க ஒரு பொருள்: காலியான கண்ணாடி பாட்டில்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துவரம்பருப்பு, சர்க்கரை, வடுமாங்காய், ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்குப் பருப்புப்பொடி எல்லாம் அதில்தான். இப்போது ஹார்லிக்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் ரீஃபில் பையிலும் வருகிறது. ஆனால் இன்ஸ்டன்ட் காபி, ஜாம், தேன், ஊறுகாய் தயவில் சமையலறை அலமாரியில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை.

சேர்த்து வைத்ததை எல்லாம் வெளியே எடுங்கள். பாட்டிலைப் பார்க்காதீர்கள், மூடியைப் பாருங்கள். மரை ஒழுங்காக ஏறுகிறதா? உள்பக்கம் துரு பிடித்திருக்கிறதா? மூடி சரியில்லாத பாட்டில் பேனா ஸ்டாண்டு ஆகலாம், பூச்சாடி ஆகலாம். எதையும் போட்டுக் கொடுக்க உதவாது. 1858 நவம்பர் 30 அன்று நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் லாண்டிஸ் மேசன் என்ற தகரக் கொல்லர் வாங்கிய காப்புரிமையும் பாட்டிலின் கழுத்துக்குத்தான். மூடி கச்சிதமாகத் திருகி உட்காரும்படி கழுத்தில் மரை போட்டார். அதுவரை தக்கையையும் உருக்கிய மெழுகையும் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அமெரிக்க வீடுகளில் ‘மேசன் ஜாடி’ நிரந்தரமாகக் குடியேறியது. இன்று சமூக வலைதளங்களில் விளக்காகவும் பூச்சாடியாகவும் ஜோடித்துக் காட்டப்படுவது அதுதான். மேசன் கடைசியில் ஏழையாகத்தான் செத்தார் என்பது தனிக்கதை.

மூடி மட்டும் கெட்டிருந்தால் கவலை வேண்டாம். கால் திருப்பில் இறுகும் தகர மூடிகள் 53, 63, 70 மில்லிமீட்டர் என்று நிலையான அளவுகளில் வருகின்றன. பாட்டில் மொத்தக் கடைகளில் தனியாகக் கிடைக்கும். ஊறுகாய் வாசனை ஒட்டிக்கொண்டிருப்பதும் கண்ணாடியில் அல்ல, மூடிக்குள் இருக்கும் மெத்தென்ற வளையத்தில்தான். இரண்டு மூன்று நாள் வெயிலில் மல்லாத்திப் போட்டும் போகாவிட்டால் மூடியை மாற்றிவிடுங்கள்.

லேபிளை நகத்தால் சுரண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ராத்திரி சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் காலையில் காகிதம் கையோடு வந்துவிடும். மிச்சமிருக்கும் பிசுபிசுப்பு தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். தேங்காய் எண்ணெயில் ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசி, அரைமணி கழித்துத் தேங்காய் நாரால் தேயுங்கள்.

அலங்காரத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. எம்-சீலில் பூ செய்து, மணியும் கல்லும் பதித்து, தங்க ஸ்பிரே அடித்த பாட்டிலைக் கழுவவும் முடியாது, பண்டம் போட்டு வைக்கவும் முடியாது. சுத்தமான கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கிப் புதுப் பாட்டில் வார்க்கலாம். கல்லும் பீங்கானும் கலந்தால் அந்த உருக்கே கெட்டுவிடும். ஆக, பழைய பாட்டிலுக்கு மறுவாழ்வு தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைக் கொன்றுவிடுகிறோம். கழுத்தில் ஒரு சணல் கயிறு, மூடியின் மேல் புடவைத் தலைப்புத் துண்டு, இவை போதும். வேண்டாமென்றால் அவிழ்த்துப் போடலாம்.

பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றும் மோகம் வேறு பரவிக் கிடக்கிறது. ஜாம் பாட்டில் சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. சோதனைச்சாலைக் குடுவைகளின் போரோசிலிகேட் கண்ணாடியைவிடச் சூட்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். சூட்டைச் சட்டென்று கடத்தவும் செய்யாது. சுடர் படும் உள்பக்கம் விரிய, வெளிப்பக்கம் அப்படியே நிற்க, அந்த இழுபறியில் விரிசல் விழும்.

அதற்குப் பதில் தண்ணீர் விளக்கு வையுங்கள். வாய் அகன்ற பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர், அதன் மேல் ஒரு விரற்கடை நல்லெண்ணெய். பித்தளைக் கம்பியை வளைத்து விளிம்பில் மாட்டி, எண்ணெய் மட்டத்தில் திரியைப் பிடித்து நிறுத்துங்கள். எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானே அணைந்துவிடும். மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கெய்ரோ மசூதிகளின் கண்ணாடி விளக்குகளிலும் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்துதான் எரிந்தது. தண்ணீரில் நாலு செம்பருத்தி இதழ் போட்டால் வெளிச்சத்தில் அது தனி அழகு.

ஜன்னலோரம் மணிபிளான்ட் வைக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தெளிந்த தண்ணீர்தான் இஷ்டம்.

இனி கொலுப் பரிசு. அரை லிட்டர் பாட்டிலை ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய வையுங்கள். அரை டம்ளர் பாசிப்பருப்பை வாசனை வர வறுத்து, முழுக்க ஆறிய பிறகு அடியில் போடுங்கள். சூட்டோடு போட்டால் கண்ணாடியில் வேர்க்கும், பண்டம் பூசணம் பிடிக்கும். மேலே ஒரு டம்ளர் பச்சரிசி. தாளிக்க வேண்டிய மிளகு, சீரகம், முந்திரியை பட்டர் பேப்பரில் தனிப் பொட்டலமாகக் கட்டி, மூடியை முட்டும்படி உச்சியில் திணியுங்கள். இடைவெளி இருந்தால் ஆட்டோ குலுக்கலில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும்.

சணலில் கோத்துவிட ஒரு சீட்டு: “வெண்பொங்கல். ஆறு டம்ளர் தண்ணீர், உப்பு, குக்கரில் ஐந்து விசில். பொட்டலத்தை நெய்யில் தாளிக்கவும். நெய் உங்கள் வீட்டுக் கணக்கு. பாட்டிலைத் திருப்பித் தர வேண்டாம்.”

(தொடரும்)